வாஷிங் மெஷின் சோப்பு டிராயரில் பூஞ்சை: கழற்றுவது முதல் காய வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

சோப்பு டிராயரைக் கழற்றித் தேய்த்துக் கழுவி, பளிச்சென்று திரும்ப மாட்டியிருப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து இழுத்துப் பார்த்தால் அதே கறுப்புப் புள்ளிகள். சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த முறை இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிரச்சினை டிராயரில் இல்லை. டிராயர் போய் உட்காரும் பொந்து இருக்கிறதே, அதன் மேற்கூரையில் பூஞ்சை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் இறங்கும்போதும் அங்கிருந்து சொட்டி, கழுவி வைத்த டிராயரில் மறுபடி குடியேறுகிறது.

அடுத்த தவறு வரிசையில் நடப்பது. பூஞ்சை என்றதும் எடுத்த எடுப்பிலேயே பிளீச்சை ஊற்றிவிடுகிறார்கள். மேலே படிந்திருக்கும் பிசுபிசுப்போடு போராடியே பிளீச்சின் வீரியம் தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் பூஞ்சை தப்பித்துவிடும். அதனால் முதலில் பிசுக்கு, பிறகு உப்புப் படிவு, அதற்குப் பிறகுதான் பூஞ்சை, கடைசியாக ஈரம். இந்த வரிசை மாறாமல் செய்தால் ஒரே தடவையில் வேலை முடியும்.

கடைசியில் மெஷினைக் காலியாக ஓட்டும் நேரம் போக, குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கைவேலை அதில் பாதிகூட இருக்காது, மீதி நேரம் ஊறுவதற்கும் காய்வதற்கும் போய்விடும். துவைக்க வேண்டிய துணி இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். அவசரத்தில் ஈர டிராயரை மாட்டித் துணி போட்டால் பாதி உழைப்பு வீண்.

1. என்னென்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள்

டிராயரில் தெரியும் அழுக்கு எல்லாமே பூஞ்சை இல்லை. பெரும்பாலும் நான்கு விதமான படிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளுக்குத்தான் கரையும். அதனால்தான் ஒரே பாட்டிலை வைத்து எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள்.

வெள்ளையாகவோ நீலமாகவோ கட்டி தட்டிப்போயிருப்பது கரையாத சோப்புத் தூள். இது வெதுவெதுப்பான தண்ணீருக்கே கரையும்.

சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், தொட்டால் வழுக்கிக்கொண்டு கூழ் போல வருவது ஃபேப்ரிக் சாஃப்ட்னரின் மிச்சம். துணியில் ஒட்டி அதை மென்மையாக்குவதற்காகவே செய்யப்பட்ட பொருள் என்பதால் பிளாஸ்டிக்கிலும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. சாஃப்ட்னரில் இருப்பவை நேர் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள். சோப்புத் தூளிலும் துணி துவைக்கும் லிக்விடிலும் அழுக்கெடுக்கும் முக்கியப் பொருளுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் டிராயருக்குள் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெழுகு போலத் திரண்டுவிடும். பூஞ்சைக்கு வேண்டிய சாப்பாடு இங்கேதான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் சூடான தண்ணீரும் இதற்குப் போதும்.

சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும் வெள்ளைப் படிவு, தண்ணீரில் இருக்கும் உப்பு. இதற்கு அமிலம் வேண்டும். உங்கள் தண்ணீர் மென்மையானது என்றால் இது இருக்கவே இருக்காது.

கறுப்பு, கரும்பச்சைப் புள்ளிகள்தான் பூஞ்சை. இளஞ்சிவப்பு வழுவழுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா படலம். இரண்டையும் ஒரே முறையில் ஒழிக்கலாம்.

2. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

வேலையின் நடுவில், ஈரக் கையோடு எழுந்து பொருள் தேடுவது நல்லதல்ல. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ரப்பர் கையுறை, பழைய உடை, டிராயர் முழுதாக மூழ்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப், பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு, பாட்டில் கழுவும் நீளமான பிரஷ் ஒன்று, பல் குத்தும் குச்சிகள், நாலைந்து பழைய துணிகள், டார்ச் அல்லது கைபேசி. சுத்தம் செய்யும் பொருள்களில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட், உப்புப் படிவு இருந்தால் சிட்ரிக் அமிலத் தூள், பூஞ்சைக்குப் பிளீச் அல்லது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பிளீச், பெராக்சைடு இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இரும்பு நார், கத்தி, ஸ்க்ரூடிரைவர் மூன்றும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் பூஞ்சை பதுங்க ஒரு பள்ளம். அடுத்த முறை பிரஷ் நுழையாத இடத்தில் அது வளரும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மற்றவர்களும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். காய்ந்த பூஞ்சையை அப்படியே தேய்த்தால் அதன் வித்துகள் காற்றில் பறந்து மூக்குக்குள் போகும். அதனால் எந்த இடத்தையும் நனைத்த பிறகே தேய்க்க வேண்டும். இதைக் கடைசி வரை மறக்காதீர்கள்.

3. மின்சாரத்தை நிறுத்தி, குழாயை மூடுங்கள்

மெஷின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் பட்டன்களுக்குப் பின்னாலிருக்கும் மின்னணுப் பலகை இந்த டிராயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாம் ஈரக் கையை விடப்போவது அதற்கு அருகில்.

தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். மெஷினுக்கு முன்னால் தரையில் ஒரு துணியை விரித்துவிட்டால், டிராயரை இழுக்கும்போது சிந்தும் பழைய சாஃப்ட்னர் தண்ணீர் தரையை வழுக்கலாக்காது.

4. டிராயரைக் கழற்றுங்கள்

டிராயரை நிற்கும் வரை மெதுவாக வெளியே இழுங்கள். உள்ளே, வழக்கமாக சாஃப்ட்னர் அறையின் பின்பகுதியில், அழுத்துவதற்கான ஒரு தாழ்ப்பாள் இருக்கும். சிலவற்றில் நீல நிறத்தில் இருக்கும், சிலவற்றில் 'புஷ்' என்று எழுதியிருக்கும். அதை விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்தால் டிராயர் முழுதாகக் கையோடு வந்துவிடும். தாழ்ப்பாள் எதுவும் தெரியாவிட்டால், முன்பக்கத்தை லேசாக மேலே தூக்கி இழுத்துப் பாருங்கள். சில மாடல்கள் அப்படித்தான் கழலும்.

வராவிட்டால் பலம் போடாதீர்கள். பல ஆண்டுகள் கழற்றாத டிராயரில் சோப்பே பசை போல இறுகியிருக்கும். தாழ்ப்பாளைச் சுற்றி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இந்த இடத்தில் பொறுமை இழந்து கொக்கியை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் டிராயரை மொத்தமாக மாற்ற வேண்டியதுதான்.

மேல்பக்கம் திறக்கும் மெஷின்களிலும் சிலவற்றில் இதே மாதிரி டிராயர் உண்டு. மற்றவற்றில் மூடியின் ஓரத்திலோ டிரம்மின் விளிம்பிலோ சோப்பு ஊற்றும் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் கழலக்கூடியதா என்று மெஷினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கழன்றால் கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

5. டிராயரையும் பிரித்துப் போடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். டிராயர் ஒரே துண்டு என்று நினைத்து அப்படியே கழுவுகிறார்கள்.

சாஃப்ட்னர் அறையில் பூ போன்ற படம் போட்டிருக்கும். அதன் உள்ளே தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அதற்கடியில் செங்குத்தாக ஒரு சின்னக் குழல் நிற்கும். அறையில் தண்ணீர் நிரம்பிக் குழலின் வாயைத் தாண்டியதும், சைஃபன் முறையில் மொத்தத் திரவமும் அதன் வழியே உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்குவதற்கான அமைப்பு அது. இந்த அமைப்பில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் அடியில் தங்கத்தான் செய்யும், அது பழுது இல்லை. ஆனால் சாஃப்ட்னர் கலந்த அந்தத் தண்ணீர், மூடிய தொப்பிக்கு அடியில், காற்றோட்டமில்லாமல், அடுத்த துவைப்பு வரை நிற்கிறது. பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் மெஷினில் வேறு இல்லை.

ஒருமுறை தெரிந்தவர் வீட்டில் மெஷினுக்கு அறைவாசனைத் திரவமெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொப்பியைக் கழற்றியதும் உள்ளிருந்து வந்த கருப்புக் கூழைப் பார்த்த பிறகுதான் துணி ஏன் நாறுகிறது என்று புரிந்தது. ஐந்து வருடமாக அது கழலும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

முக்கியத் துவைப்பு அறையில் லிக்விடுக்காக ஒரு தடுப்புத் தட்டு இருந்தால் அதையும் உருவுங்கள். எல்லாத் துண்டுகளும் எப்படி மாட்டியிருந்தன என்று கழற்றும் முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

6. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள்

டப்பில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு தேக்கரண்டி விடுங்கள். டிராயரும் கழற்றிய துண்டுகளும் முழுதாக மூழ்க வேண்டும். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் போகுமே என்று தோன்றும். வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் லேசாக வளைந்தாலும் டிராயர் சரியாக மூடாது, தொப்பி இறுக்கமாக உட்காராது. தொப்பி தளர்ந்தால் சைஃபன் வேலை செய்யாமல் சாஃப்ட்னர் அறையிலேயே தேங்கும். பூஞ்சையை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும்.

ஊறியதும் தண்ணீருக்குள்ளேயே வைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். வெளியே எடுத்துத் தேய்த்தால் துளிகள் முகத்தில் தெறிக்கும். மூலைகள், டிராயரின் அடிப்பக்கம், முன்பலகையின் பின்புறம் மூன்றையும் தவறாமல் தேயுங்கள். குழலின் உள்ளும் தொப்பியின் உள்ளும் பல் குத்தும் குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பிறகு குழாயடியில் அலசி, விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊற வையுங்கள். விரல் வழுக்காமல் கிறீச்சென்று நிற்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

7. உப்புப் படிவு இருந்தால் மட்டும் சிட்ரிக் அமிலம்

வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இல்லாவிட்டால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இருந்தால், 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலத் தூள் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். படிவு நுரைத்துக் கரையும். உப்புப் படிவு பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் நுண்ணிய துளைகள் நிறைந்தது. பூஞ்சை அதற்குள் வேர்விட்டிருந்தால் மேலே ஊற்றும் எந்தக் கிருமிநாசினியும் உள்ளே போகாது. அதனால்தான் பூஞ்சைக்கு முன்னால் இதைக் கரைக்கிறோம்.

வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்க விடுவதில் பயன் இல்லை. பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பலமாக வேலை நடக்கிற மாதிரி இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான்.

ஊறிய பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். டப்பையும் பிரஷ்ஷையும் கையுறையையும்கூட அலசுங்கள். இது ஒப்புக்குச் சொல்வதில்லை. அடுத்த படியில் பிளீச் வருகிறது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு.

8. பூஞ்சையைக் கொல்லுங்கள்

1 லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 50 மில்லி வீட்டு உபயோகப் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீத அளவில் உள்ளது. டிராயரையும் துண்டுகளையும் 15 நிமிடம் மூழ்க வையுங்கள். மிதக்கும் துண்டுகள் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அமுக்கிவிடுங்கள்.

தண்ணீர் குளிர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். சூடான தண்ணீரில் பிளீச் சீக்கிரம் சிதைந்து வீரியம் இழக்கும், நெடியும் கடுமையாக இருக்கும். அளவைக் கூட்டினால் சீக்கிரம் சாகும் என்று நினைத்து அப்படியே ஊற்ற வேண்டாம். இங்கே வேலை செய்வது நேரம். 15 நிமிடம் முழுதாக ஊற விடுங்கள்.

பிளீச்சோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். அமிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது, கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். கலந்த பிறகு கண் எரிச்சலோ தொண்டைக் கமறலோ வந்தால், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள்.

பிளீச் வாடையே ஆகாதவர்களுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல மாற்று. தண்ணீர் சேர்க்காமல், டிராயரின் எல்லாப் பரப்பும் நனையும்படி ஊற்றி அல்லது துணியால் தடவி 15 நிமிடம் வையுங்கள். பிளீச் அளவுக்குக் கறையை வெளுக்காது. ஆனால் வேலை செய்யும்.

எல்லாம் முடிந்தும் ஒரு மங்கலான சாம்பல் தடம் தங்கினால் கவலைப்பட வேண்டாம். பூஞ்சை செத்த பிறகும் அதன் நிறம் பிளாஸ்டிக்கில் ஊறி நிற்பதுண்டு. தொட்டால் வழவழப்பு இல்லை, வாடை இல்லை என்றால் அது வெறும் கறை.

9. பொந்தைச் சுத்தம் செய்யுங்கள்

டிராயர் ஊறும் நேரத்திலேயே இந்த வேலையை நடத்தலாம். ஆனால் டிராயர் பிளீச்சில் ஊறும்போது இங்கே சிட்ரிக் அமிலத்தை எடுக்க வேண்டாம், அதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இது. நேரம் குறைவாக இருந்தால் டிராயரைத் தேய்ப்பதைச் சுருக்குங்கள், இதைச் சுருக்க வேண்டாம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் கூரை கண்ணுக்குத் தெரியாது. கைபேசியை ஃபிளாஷ் போட்டு, கேமரா மேல்நோக்கி இருக்கும்படி பொந்துக்குள் நீட்டி ஒரு படம் எடுங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோருமே அதிர்ந்துபோவார்கள். டிராயரில் நாலு புள்ளிதான் இருந்திருக்கும், கூரை முழுக்கக் கறுப்பாகத் தொங்கும்.

அந்தக் கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைக் கவனியுங்கள். மெஷினுக்குள் வரும் தண்ணீர் இவற்றின் வழியாகத்தான் டிராயரில் விழுந்து சோப்பை அடித்துச் செல்கிறது. துவைத்து முடித்த பிறகும் இந்தத் துளைகளில் துளித் துளியாக ஈரம் தங்கும். கீழே சோப்பு மிச்சம், மேலே ஈரம், மூடிய இருட்டு. இதனால்தான் பூஞ்சை கூரையைப் பிடித்துக்கொள்கிறது.

பொந்தின் தரையில் ஒரு பழைய துணியை விரியுங்கள். மேலிருந்து உதிரும் அழுக்கு, பின்னால் இருக்கும் திறப்பு வழியாக டிரம்முக்குப் போகும் குழாய்க்குள் விழாமல் இது தடுக்கும். துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும், அப்போதுதான் எடுக்க மறக்க மாட்டீர்கள்.

இனி அதே வரிசைதான். பாத்திர லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டில் பிரஷ்ஷை முக்கி, நன்றாக உதறிவிட்டு, கூரையைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்துத் தேயுங்கள். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் அழுக்கு குழாய்க்குள் போகும். பிரஷ் நுழையாத மூலைகளுக்கு, பல் துலக்கும் பிரஷ்ஷின் தலையில் துணியைச் சுற்றிப் பயன்படுத்துங்கள். பக்கச் சுவர்கள், டிராயர் வழுக்கி ஓடும் தண்டவாளம் போன்ற பள்ளங்கள், முன்விளிம்பின் உள்மடிப்பு எல்லாவற்றையும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

துளைகளை உப்பு அடைத்திருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியைக் கூரையோடு ஒட்டினாற்போல் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பிறகு பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையாக மெல்லக் குத்திவிடுங்கள். ஊசியோ கம்பியோ வேண்டாம். துளை பெரிதானால் தண்ணீர் விழும் கோணம் மாறிவிடும், சோப்பு அறையின் ஒரு பக்கம் நனையாமலே போகும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை துடைத்து அமிலத்தை முழுதாக எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பிளீச் கரைசல். அதே அளவு, 1 லிட்டருக்கு 50 மில்லி. துணியை நனைத்துப் பிழிந்து கூரையிலும் சுவரிலும் தடவி, 15 நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் மறுபடி தடவுங்கள். டிராயருக்குப் பெராக்சைடு பயன்படுத்தியிருந்தால் இங்கேயும் அதையே பயன்படுத்துங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஸ்பிரே பாட்டிலால் பொந்துக்குள் பீய்ச்சி அடிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். மேல்நோக்கி அடித்த தண்ணீர் இடுக்குகள் வழியாக மின்னணுப் பலகைக்குப் போகக்கூடும். நாம் கைகளையும் முகத்தையும் வைத்திருக்கும் இடத்தில் பிளீச் மூடுபனியும் சூழும். பிழிந்த துணியும் உதறிய பிரஷ்ஷும் மெதுவாக இருந்தாலும் பத்திரம்.

தரையில் விரித்த துணியை உருட்டி, அழுக்கு உள்ளே சிந்தாமல் எடுங்கள். மறுபடி ஒரு படம் எடுத்து, முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். திருப்தி இல்லாத இடத்தை அப்போதே முடித்துவிடுவது நல்லது.

10. காய வைத்து மாட்டுங்கள்

டிராயரை நன்றாக அலசி, உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் காய விடுங்கள். தொப்பியின் உட்புறமும் குழலும் கடைசியாகத்தான் காயும். பொந்தையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, அரை மணி நேரம் திறந்தே விடுங்கள்.

மாட்டும்போது தொப்பியை அடிவரை அழுத்திப் பொருத்துங்கள். பாதியில் நின்றால் சாஃப்ட்னர் அறையில் தண்ணீர் தேங்கும். லிக்விட் தடுப்புத் தட்டைப் பொறுத்தவரை, லிக்விட் ஊற்றுவீர்கள் என்றால் இறக்கி வையுங்கள், தூள் போடுவீர்கள் என்றால் தூக்கி வையுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். இறக்கிய தட்டோடு தூள் போட்டால், தூள் அதற்குப் பின்னால் குவிந்து கட்டியாகும். டிராயரில் எப்போதும் தூள் மிஞ்சுகிறது என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்தத் தட்டைத்தான்.

11. இரண்டு முறை காலியாக ஓட்டுங்கள்

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் அழுக்கும் பிளீச்சும் குழாய்க்குள் போயிருக்கும். துணி போடும் முன் அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் துணியில் கறுப்புத் துணுக்குகளோ வெளுத்த திட்டுகளோ விழும்.

பிளக்கை மாட்டி, குழாயைத் திறந்து, முதலில் சோப்பு எதுவும் போடாமல் வெறும் அலசல் மட்டும் ஓட்டுங்கள். டிராயர் இல்லாமல் ஓட்டிப் பொந்தைக் கழுவலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் முன்பக்கம் வழியாகத் தரைக்கு வந்துவிடக்கூடும்.

தண்ணீர் இறங்கும்போது டிராயரை ஒரு விரல் அகலம் மட்டும் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவலாக விழுந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் பல் குத்தும் குச்சிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இரண்டாவது முறை, உங்கள் மெஷினில் இருக்கும் அதிகபட்ச வெப்பநிலையில், 60 டிகிரிக்குக் குறையாமல், ஆக்சிஜன் பிளீச் (எட்டாம் படியில் பயன்படுத்திய பிளீச் இல்லை, இது வேறு வகை) உள்ள சோப்புத் தூள் போட்டு ஓட்டுங்கள். லிக்விட் சோப்புகளில் பொதுவாக இந்தப் பிளீச் இருக்காது, அதனால் இந்த ஒரு ஓட்டத்துக்குத் தூள்தான் சரி.

12. திரும்ப வராமல் இருக்க

துவைத்து முடித்ததும் டிராயரைப் பாதி வெளியே இழுத்து விடுங்கள். இந்த ஒன்றைத் தவறாமல் செய்தாலே போதும், கூரை காய்ந்துவிடும். கதவையும் லேசாகத் திறந்து வைக்கலாம். சின்னக் குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ இருக்கும் வீட்டில் கதவை மூடிவிட்டு டிராயரை மட்டும் திறந்து வையுங்கள்.

சாஃப்ட்னரை மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். தாண்டினால் சைஃபன் முன்கூட்டியே இயங்கி, துவைக்கும்போதே எல்லாம் இறங்கிச் சோப்போடு கலந்துவிடும். கெட்டியான சாஃப்ட்னரைக் கோட்டுக்குள் அடங்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து ஊற்றினால் படிவது குறையும். என்னைக் கேட்டால் சாஃப்ட்னர் இல்லாமலே துவைக்கலாம். நான் நிறுத்திய பிறகு அந்த அறையை மாதம் ஒருமுறை அலசுவதோடு சரி.

ஈரமான டிராயரில் தூள் போடாதீர்கள். போட்ட உடனே அடியில் ஒட்டிக் கட்டியாகத் தொடங்கிவிடும். ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். பயன்படுத்தாத முன்துவைப்பு அறையையும் அவ்வப்போது பாருங்கள். சோப்பே போடாத அறையில் எப்படிப் பூஞ்சை என்று கேட்பார்கள். பக்கத்து அறைகளிலிருந்து தெறிக்கும் சோப்புத் தண்ணீரே அதற்குப் போதும்.

வாரம் ஒருமுறை டிராயரைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசுவது ஒரு நிமிட வேலை. எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே துவைப்பவர்கள் மாதம் ஒருமுறை 60 டிகிரியில் காலியாக ஓட்டுங்கள்.

13. இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்

ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் டிராயரில் தூள் மிஞ்சினால், தடுப்புத் தட்டும் சரியாக இருக்கிறது என்றால், தண்ணீர் வேகமாக வராமல் இருக்கலாம். மெஷினுக்குப் பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் சின்ன வலை வடிகட்டி இருக்கும். குழாயை மூடி, பைப்பைக் கழற்றி, வலையை உருவிப் பாருங்கள். மண்ணும் துருவும் அடைத்திருந்தால் கழுவி மாட்டுங்கள்.

சாஃப்ட்னர் அறையில் அடியில் மட்டுமல்லாமல் பாதி வரை தண்ணீர் நின்றால், தொப்பியோ குழலோ இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது தொப்பி சரியாக உட்காரவில்லை. ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

டிராயர் சுத்தம், கூரை சுத்தம், ஆனாலும் வாடை வருகிறது என்றால் வாடை வேறு இடத்திலிருந்து வருகிறது. முன்கதவு மெஷின் என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்துப் பாருங்கள். அதற்கடுத்து, பல மெஷின்களில் முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் வடிகால் பம்பின் வடிகட்டி. அதைத் திறக்கும் முன் உள்ளே தேங்கிய தண்ணீர் ஆறிவிட்டதா என்று பார்த்து, ஒரு தாழ்வான தட்டைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

டிராயரில் விரிசல் விட்டிருந்தாலோ, கீறல்களுக்குள் கறுப்பு ஏறி வரவே மாட்டேன் என்றாலோ, புதிய டிராயர் வாங்கிப் போடுவது நல்லது. பல மாடல்களுக்கு டிராயர் தனியாகவே உதிரிபாகமாகக் கிடைக்கும். மாடல் எண் வழக்கமாகக் கதவின் உள்விளிம்பிலோ மெஷினின் பின்பக்கத்திலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனால் சரியான டிராயரை வாங்கிவரலாம். புதிய டிராயரை மாட்டும் முன்பும் ஒன்பதாம் படியை ஒருமுறை செய்துவிடுங்கள்.